கூகை உமிழ்ந்த உருண்டை



சென்ற ஆண்டு அறுவடை முடிந்த சில நாட்களில், திருத்தணிக்கு வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய நமது கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து பெரியவர் சிலர் நம்மைக் காண வந்தனர். அவர்கள் கொண்டுவந்த விண்ணப்பம் விந்தையானது. சிற்றாலயத்தின் மணிக்கூண்டில் ஒரு சோடிக் கூகைகள் குடியேறிவிட்டன, இரவெல்லாம் அலறுகின்றன, அவை வந்தபின் ஊரில் இரண்டு சாவுகள் நிகழ்ந்துவிட்டன, ஆகவே கூண்டின் துவாரங்களைக் கம்பிவலையால் அடைத்து அவற்றை விரட்டிவிட வேண்டும் என்பதே அது. “சாவுக்குருவி கோயில்ல இருக்கலாமுங்களா, சாமி?” என்று மூதாட்டி ஒருவர் கேட்டார்.

இறந்தவர்களுள் ஒருவருக்கு வயது எண்பத்தெட்டு. மற்றவர் நெடுநாள் நோயாளி. இதை எடுத்துச் சொன்னோம், பயனில்லை. கூகைக்கும் சாவுக்கும் முடிச்சுப் போடுவது விசுவாசிகளுக்கு அழகன்று என்றும் சொன்னோம். தலையசைத்தார்களே தவிர மனம் மாறவில்லை. சிறு காரியத்துக்காக ஊரோடு வாதாடுவானேன் என்று நாமும் இசைந்துவிட்டோம். வலைக்கு விலை விசாரித்து வைத்ததையும் மறைப்பதற்கில்லை.

மறுநாள் அவ்வூர் நடுநிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை வந்தார். அவர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. “ஃபாதர், பதினைந்து நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மணிக்கூண்டு எங்கள் எட்டாம் வகுப்புக்கு வேண்டும்” என்றார். மணிக்கூண்டு எதற்கு என்று கேட்டோம். கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கட்டைவிரல் நீளத்தில், சாம்பல் நிறத்தில், பஞ்சடைத்தாற்போல் ஓர் உருண்டை. “இதற்குத்தான்” என்றார்.

அவ்வுருண்டை யாது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். கூகை தன் இரையை மென்று தின்பதில்லை. எலியை முழுதாகவே விழுங்கிவிடும். தசை செரித்துப் போகும். மயிரும் எலும்பும் செரிப்பதில்லை. அவை இரைப்பையில் திரண்டு, உருண்டையாகி, சில மணி நேரத்துக்குப்பின் வாய்வழியே வெளித்தள்ளப்படுகின்றன. இது எச்சமன்று. புதிதாய் விழுந்தது கரிய மெருகோடு இருக்கும்; உலர்ந்தால் சாம்பல் நிறமாகிவிடும். பருந்தும் இவ்வாறே உமிழ்வதுண்டு; ஆனால் அதன் வயிறு எலும்பைப் பெரும்பாலும் கரைத்துவிடுகிறது. கூகையின் வயிறோ எலும்பை உடையாமல் பாதுகாத்துத் தருகிறது. எனவே கூகை வாழும் கோபுரத்தின் அடியில் நாள்தோறும் ஒரு கணக்குப் புத்தகம் விழுகிறது எனலாம். முந்திய இரவு அது எதை உண்டதோ அத்தனையும் அதில் பதிவாகியிருக்கும்.

ஆசிரியையின் அழைப்பின்பேரில் அந்த வகுப்பில் ஒரு முற்பகல் முழுதும் அமர்ந்திருந்தோம். உருண்டைகளை அவர் முன்னரே வெயிலில் உலர்த்தி, தகட்டுத் தாளில் சுற்றி, சமையலுக்கு இனி உதவாத பழைய பிரஷர் குக்கரில் நெடுநேரம் ஆவியில் வைத்து எடுத்திருந்தார். நோய்க் கிருமி இருந்தால் அழிய வேண்டும் என்பதற்காக. பிள்ளைகள் நால்வர் நால்வராய்ச் சூழ்ந்து அமர்ந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கிண்ணம் வெந்நீர், இரண்டு ஊசி, ஒரு கறுப்புத் தாள். அவ்வளவே கருவிகள்.

முதலில் முகஞ்சுளிப்பு இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்ட சிறுமியரும் இருந்தனர். நீரில் ஊறிய மயிர்க் கற்றை பிரிந்து, அரிசியளவு மண்டையோடு ஒன்று வெளிப்பட்டதும் அறையின் நிறமே மாறிவிட்டது. எல்லாரும் குனிந்துவிட்டனர். முதுகெலும்பு மணிகள், விலா எலும்புகள், தொடை எலும்பு என ஒவ்வொன்றாகக் கறுப்புத் தாளில் வரிசைப்படலாயின. கீழ்த்தாடையைப் பார்க்கும் முறையை ஆசிரியை சொல்லிக் கொடுத்தார். முன்னே உளி போன்று வளைந்த பல், அப்பால் வெற்றிடம், அதற்கப்பால் கடைவாய்ப் பற்கள் எனில் அது எலி இனம். வெற்றிடமின்றிக் கூரிய பற்கள் தொடர்ந்து அமைந்திருப்பின் அது மூஞ்சூறு. மூஞ்சூறு எலியன்று, புழு பூச்சிகளை உண்பது என்பதை நாமும் அன்றுதான் பல்லின் சான்றோடு உணர்ந்தோம். ஓர் உருண்டையில் மூன்று மண்டையோடுகள் கிடைத்தன. மற்றொன்றில் வண்டின் ஓடு இருந்தது. நெல் திருடும் எலிகளே மிகுதி.

மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தல் அ.வ.அ. கல்லூரியின் விலங்கியலார், காவிரிப் படுகையின் கூகைகளை இவ்வழியே ஆராய்ந்திருக்கின்றனர். அங்கும் பெரும்பங்கு வயலெலிகளே. வளர்ந்த கூகை ஓரிரவுக்கு ஒன்றிரண்டு எலியேனும் உண்ணும். குஞ்சு பொரித்த காலத்தில் தாயும் தந்தையும் இரவு முழுதும் சுமந்து கொண்டேயிருக்கும். தஞ்சைப் பகுதி உழவர் நெல்வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாய் நட்டு வைப்பது இதன் பொருட்டே. ஆந்தை அமர்ந்து எலியைப் பார்க்க ஓர் இருக்கை வேண்டுமன்றோ? சங்கப் புலவருள் கூகைக்கோழியார் என்று இப்பறவையின் பேரையே பெற்றவர் ஒருவர் உண்டு. அவர் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. இன்று அப்பெயரை நம் பிள்ளைக்கு இடத் துணிவோமா என்பது வேறு.

பிற்பகல் பாடம் மர நிழலில் நடந்தது. பிள்ளைகள் வட்டமாய் நின்றனர். ஒவ்வொருவர் மார்பிலும் ஓர் அட்டை: கதிரவன், நெல், புல், வெட்டுக்கிளி, எலி, தவளை, நண்டு, சாரைப்பாம்பு, கொக்கு, கூகை, மண்புழு, காளான். அட்டையில் தமிழோடு தெலுங்குப் பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்: தவளைக்குக் கப்ப, பாம்புக்குப் பாமு, எலிக்கு எலுக. அவ்வூரில் பாதி வீடுகளில் பேசுவது தெலுங்கு. 1960 ஏப்ரல் முதல் நாள் வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதை இளையோர் மறந்திருக்கலாம், நாக்கு மறக்கவில்லை.

ஒரு நூற்கண்டை எடுத்து, உண்ணப்படுவதிலிருந்து உண்பதற்குக் கைமாற்றினர். நெல்லிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து பாம்புக்கும் கூகைக்கும், நெல்லிலிருந்தே வெட்டுக்கிளிக்கு, வெட்டுக்கிளியிலிருந்து தவளைக்கு, தவளையிலிருந்து பாம்புக்கும் கொக்குக்கும். இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தடுமாற்றம் வருகிறது. பாம்பு தவளையைத் தின்கிறது எனவே அம்பு பாம்பிலிருந்து தவளைக்குப் போக வேண்டும் என்று வரைகின்றனர். சக்தி எப்பக்கம் நடக்கிறதோ அப்பக்கமே அம்பின் முனை. நூலைக் கையில் பிடித்தவர்க்கு இத்தடுமாற்றம் இல்லை. நூல் எங்கிருந்து வந்தது என்று விரலுக்குத் தெரியும். பின்னர் தவளையாய் நின்ற பையனை ஆசிரியை கீழே உட்காரச் சொன்னார். எவர் கையில் நூல் இழுபட்டதோ அவரும் உட்கார வேண்டும். பாம்பு உட்கார்ந்தது, கொக்கு உட்கார்ந்தது, வெட்டுக்கிளிக்கு நூல் தளர்ந்தது, அவள் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றாள். நெல்லாய் நின்ற சிறுமிதான், “டீச்சர், இனி என்னை எல்லாரும் தின்னுடுவாங்களே” என்றாள்.

உயிர்களின் உணவுத் தொடர்பைச் சங்கிலியென வரைந்து விளக்கியவர் ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் எல்டன். 1927-இல் வெளிவந்த அவர் நூலில் அது உள்ளது. அந்தச் சங்கிலியில் எவ்வளவு சக்தி கைமாறுகிறது என்று கணக்கிட முனைந்தவர் அமெரிக்கர் ரேமண்ட் லிண்ட்மன். மின்னசோட்டா மாநிலத்து ஏரி ஒன்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய அவர், கட்டுரை அச்சாகும் முன்னரே 1942-இல், 26 வயதில், காலமானார். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கே சேர்கிறது என்று இன்று பாடநூல்கள் சொல்லும் கணக்கு அவ்வழி வந்ததே. கறாரான விதியன்று, இடத்துக்கு இடம் மாறும். எனினும் பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஆசிரியை ஆயிரம் நெல்மணிகளை எண்ணி ‘நெல்’ கையில் கொடுத்தார். அது ‘எலி’க்கு நூறு தந்தது; எலி ‘பாம்பு’க்குப் பத்து; பாம்பு ‘பருந்து’க்கு ஒன்று. உள்ளங்கையில் ஒரே ஒரு நெல்லை வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பருந்தின் முகத்தை நாம் மறக்கவியலாது. வயலில் வெட்டுக்கிளி ஏன் கணக்கற்றது, பருந்து ஏன் ஒன்றிரண்டு என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மீதியெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருவன் கேட்டான். மைதானத்தை ஒரு சுற்று ஓடிவரச் சொல்லி, கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது.

இங்கே நம் இளமையின் கதையொன்றைச் சொல்லிவிடுகிறோம். 1980-களின் தொடக்கத்தில், மழைக்காலம் பிறந்ததும், பெட்ரோமாக்ஸ் விளக்கும் சாக்குமாய் ஆட்கள் இரவில் ஏரிக்கரைக்கு வருவர். வெளிச்சத்தில் மிரண்டு நிற்கும் பெரிய மஞ்சள் தவளைகளைப் பிடித்துச் சாக்கில் போடுவர். கால்களை மட்டும் வெட்டி, பனியில் உறைய வைத்து, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேற்றுவார்கள் என்று கேள்விப்பட்டோம். நாமும் ஒருமுறை விளக்குப் பிடிக்கப் போய் வீட்டில் அடி வாங்கினோம். அக்காலத்தில் இந்தியா ஓராண்டில் நாலாயிரம் டன்னுக்கு மேல் தவளைக்கால் ஏற்றுமதி செய்தது என்பது பின்னரே தெரிந்தது. ஒவ்வொரு தவளையும் வயலின் பூச்சியையும் நண்டையும் தின்று வாழ்வது. தவளையை விற்று வந்த அந்நியச் செலாவணியைப் பூச்சிமருந்துக்குச் செலவிடுகிறோமே என்று அறிவுடையோர் கேட்கத் தொடங்கினர். பன்னாட்டு வாணிப உடன்படிக்கை 1985-இல் இத்தவளையைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 1987-இல் நம் அரசு ஏற்றுமதியை அறவே தடை செய்தது. வாங்குவோர் இந்தோனேசியாவை நாடிப் போயினர் என்பது அக்கதையின் துயரமான மறுபாதி.

நம்மை உறுத்துவது வேறொன்று. சாக்கு சாக்காய்த் தவளை போன அதே காலத்தில்தான், பள்ளியில் நாம் தவளையின் சீரண மண்டலத்தை வண்ணப் பென்சிலால் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் பெற்றோம். அந்த இரைப்பைக்குள் போவது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. ஏரிக்கும் பாடத்துக்கும் இடையே ஒரு மதில் இருந்தது. சீன நாட்டார் 1958-இல் சிட்டுக்குருவியைத் தானியத் திருடன் என்று முத்திரையிட்டுக் கோடிக்கணக்கில் கொன்றதும், குருவி தின்றது நெல்லை மட்டுமன்று, பூச்சியையும்தான் எனக் கண்டு 1960-இல் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்ததும், அதே வகையான அறியாமையே. குருவியின் வயிற்றை முன்பே திறந்து பார்த்திருக்கலாம்.

திரும்பவும் அந்த வகுப்புக்கு வருவோம். இருளர் குடியிருப்பிலிருந்து வரும் சிறுவன் ஒருவன் அங்கே கடைசி வரிசை. வாய் திறவாதவன் என்று பெயர். அன்று அவன் கறுப்புத் தாளில் கிடந்த தாடையைப் பார்த்த மாத்திரத்தில் இது வரப்பில் வளை தோண்டும் எலி, இது புல்லில் கூடு கட்டுவது என்று பிரித்து வைத்தான். ஆசிரியை சாக்கட்டியை அவனிடம் கொடுத்தார். எலிவளையின் படத்தைக் கரும்பலகையில் அவன் வரைந்தான். நெல் சேர்த்து வைக்கும் அறை இங்கே. குட்டி போடும் அறை இங்கே. அவசரத்துக்கு ஓடும் வாயில் இது, இதை மண்ணால் மெல்லிதாய் மூடி வைத்திருக்கும், புகை போடுமுன் இதைக் கண்டுபிடிக்காவிட்டால் எலி போய்விடும் என்றான். அவனுடைய தந்தையும் பாட்டனும் வயல்களில் எலி பிடித்து, வளைக்குள் இருந்த நெல்லையும் எடுத்து உண்டு வாழ்ந்தவர்கள். இவர்களுடைய உறவினத்தாரே 1978-இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தோலுக்காகப் பாம்பைக் கொன்ற தொழிலை விட்டு, நஞ்சு எடுத்துப் பாம்பை மீண்டும் காட்டில் விடும் தொழிலுக்கு மாறியவர்கள். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள் ஒன்றை ஆசிரியை பின்னர் நம்மிடம் காட்டினார். ‘உணவு வலை என்றால் என்ன?’ என்பது வினா. அச்சிறுவன் ஒன்றும் எழுதவில்லை. வெற்றுத் தாள். அவர் ஏதும் சொல்லவில்லை. நாமும் சொல்ல ஏதுமற்றிருந்தோம்.

இக்குறையை நீக்க முயன்றவர் இல்லாமலில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறை வழி அறிவியல் தொடங்கினர். கிராமத்துப் பிள்ளைகளே வயலில் இறங்கிச் செடியும் பூச்சியும் சேகரித்து, தாமே கேள்வி எழுப்பி, தாமே விடை கண்டனர். தேர்வு அறைக்குப் புத்தகத்தையும் தம் குறிப்பேட்டையும் கொண்டு செல்லலாம். 1978-இல் மாவட்டம் முழுதும் பரவியது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. நமக்கு அண்மையில், மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியைச் சூழ்ந்த கிராமப் பள்ளிகளில் உருவான முறையைப் பார்த்துச் சென்னை மாநகராட்சி 2003-இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. தொடக்கப் பள்ளியோடு நின்றும்விட்டது எனலாம். மேல் வகுப்பில் பழைய மதிலே.

அம்மதிலுக்குக் கல் சுமப்பவர்களில் பெற்றோராகிய நீங்களும் இருக்கிறீர்கள் என்று சொன்னால் சினம் கொள்ளலாகாது. கூகை உருண்டைப் பாடம் நடந்த மறுநாள் மூன்று தாய்மார் பள்ளிக்கு வந்து, ‘எங்கள் பிள்ளை எலும்பு பொறுக்கவா பள்ளிக்கு வருகிறது?’ என்று கேட்டனராம். கேட்டவர்களில் ஒருவர் நமது பங்கைச் சார்ந்தவர். கை கழுவினார்களா என்று கேட்டிருந்தால் நியாயம். சோப்பு இருந்தது, கழுவினார்கள். செப்டம்பர் 5-ஐ ஆசிரியர் நாளாக 1962 முதல் கொண்டாடுகிறோம். அன்று பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888-இல் இத்திருத்தணியில் தோன்றியவர் என்று மார்தட்டிக்கொள்ளவும் செய்கிறோம். மாலையும் பேனாவும் தருவதைவிட, பிள்ளைகளைப் பள்ளி வாயிலுக்கு வெளியே ஏரிக்கரை வரை அழைத்துச் செல்ல ஆசிரியருக்கு இசைவு தருவது அவருக்குப் பெரிய பரிசாயிருக்கும்.

மணிக்கூண்டு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். குறித்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப்பின் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. பிள்ளைகள் எலும்புகளை ஒட்டிய அட்டைகளோடு வந்து நின்றனர். பேசியது பெரும்பாலும் அந்த இருளர் சிறுவன்தான். நம் ஆலய வளாகத்துக்குள் அவன் வந்தது அன்றே முதல்முறை. அரை ஏக்கர் நெல் போட்டிருந்த ஒருவர் அட்டையைக் கையில் வாங்கி மண்டையோடுகளை எண்ணினார். இந்தப் போகம் எலி வெட்டு குறைவாயிருந்தது, ஏனென்று தெரியாதிருந்தது என்றார். இரண்டு பறவைகளால்தான் குறைந்தது என்று நாம் உறுதி சொல்லவில்லை, ஆசிரியையும் சொல்லவில்லை. இன்னொருவர், தாம் வயலில் வைக்கும் எலிப் பாஷாணத்தைப் பற்றிக் கேட்டார். புரோமடியோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. இரத்தம் கசிந்து சில நாள் தள்ளாடிக்கொண்டிருக்கும். அதைக் கூகை எளிதாய்ப் பிடிக்கும். நஞ்சு கூகைக்கும் சேரும் என்று ஆசிரியை விளக்கினார். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை நாடெங்கும் மாய்த்ததையும், காரணம் 2004-இல் வெளிப்பட்டு, 2006-இல் கால்நடைக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டதையும் சொன்னார். கழுகு நின்ற இடத்திலும் நூல் இருந்தது என்று பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி சொன்னாள்.

முடிவில், துவாரங்களை அடைப்பதில்லை என்று தீர்மானமாயிற்று. மணிக்கயிற்றின் மேல் எச்சம் விழாதபடி ஒரு பலகை மட்டும் அடித்தோம். வாங்கவிருந்த வலையின் காசு பலகைக்குப் போயிற்று. நான்கு வயல்களில் தென்னை மட்டை நட்டிருக்கிறார்கள். எல்லாரும் இசைந்தார்கள் என்று எழுதினால் பொய்யாகும். விண்ணப்பம் கொண்டு வந்த மூதாட்டி மாலைச் செபத்துக்கு இன்னும் வருவதில்லை. இருட்டு முன் வீடு திரும்பிவிடுகிறார். அவர்மேல் நமக்கு மனத்தாங்கல் இல்லை. அவர் இறந்த கணவரின் பெயரால் செபிக்கக் காலையில் தவறாமல் வருகிறார்.

உருண்டைகள் இப்போதும் நாள்தோறும் விழுகின்றன. உபதேசியார் அவற்றைப் பொறுக்கிப் பழைய பிஸ்கட் டின்னில் சேர்த்து வைக்கிறார். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் வேண்டுமாயின் சனிக்கிழமை மாலையில் வந்து பெற்றுக்கொள்ளலாம். பிரஷர் குக்கரையும் சோப்பையும் அவரவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.